மாடி வீட்டுக்கு எது வாசல்

பென்சில் கோடு மெல்லியதுதான். ரப்பரால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும். கஸ்தூரிரங்கன் எதையும் பேனாவால் அடிக்கிற ஆள் இல்லை. பென்சிலால் ஒரு கோடு போடுவார், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைப்பார், அதோடு சரி. ஆனால் அவர் அப்படி அடித்தது எதுவும் அந்த அலுவலகத்தில் மறுபடி உயிர் பெற்று எழுந்ததாக நீரஜாவுக்கு நினைவில்லை.

கோடு விழுந்திருந்த வாக்கியம் அவள் எழுதியது. 'கடைகளுக்கு மேல் அமையும் வீடுகளுக்கான பொது வாசலும் மாடிப்படியும் எட்டடி அகலத்தில் அமைந்து, கடைகள் எந்தத் தெருவைப் பார்த்திருக்கின்றனவோ அதே தெருவைப் பார்த்திருக்க வேண்டும்.'

அடையாற்றைத் தாண்டித் தெற்கே வளர்ந்துகொண்டிருந்த புறநகர் நகராட்சி ஒன்று, தன் எல்லையில் புதிதாக எழும்பப்போகும் குடியிருப்புக்கு விதிமுறை எழுதித் தரச் சொல்லியிருந்தது. கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகத் தெருத்தெருவாக வரப்போகிற இடம். நடைபாதை எவ்வளவு அகலம், கடைப் பலகை எவ்வளவு உயரம், எத்தனை அடிக்கு ஒரு மரம் என்று எல்லாவற்றையும் இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும். அந்த வேலை ஆழ்வார்பேட்டையில் இருந்த கஸ்தூரிரங்கனின் சின்ன அலுவலகத்துக்கு வந்தது. அரசாங்கத்தில் நகரமைப்பு பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நகராட்சி மறுபேச்சுப் பேசாது என்று பேர். நீரஜா அவரிடம் ஆறு வருஷமாக இருந்தாள். சுத்தப் பிரதி திங்கட்கிழமை போக வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. தொண்ணூற்றேழாம் வருஷத்து நவராத்திரி தொடங்கி ஒரு நாள் ஆகியிருந்தது.

எதிரே ரொனால்ட் உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் பாதிக்கு மேல் மனை வாங்கிப் போட்டிருந்த கட்டுமானக் கம்பெனியின் ஆர்க்கிடெக்ட். சாந்தோம்காரன், மரியாதைக்காரன். வெறுங்கையோடு வரமாட்டான். இன்றைக்கும் மேஜைமேல் எண்ணெய் ஊறிய காகிதப் பையில் வெஜிடபிள் பப்ஸ் இருந்தது.

"ஒவ்வொரு கட்டடத்துலயும் முன்னாடி மாடிப்படிக்குன்னு எட்டடி விட்டா, அங்க ஒரு கடையே போயிடும் சார். தெரு முழுக்கக் கூட்டிப் பாருங்க. நாங்க பின்னாடி நல்லா அகலமா ரோடு விடறோம். லைட் போடறோம். செடி வைக்கிறோம். அதுக்கு மேல என்ன சார் வேணும்?"

"செடி எத்தனை நாளைக்கு?" என்றாள் நீரஜா. "கடை திறந்த மறு மாசம் அந்த இடத்துல அட்டைப்பெட்டி இருக்கும்."

"மேடம் தி.நகரை மனசுல வெச்சுப் பேசறீங்க. இது புது ஊர்."

"தி.நகரும் ஒரு காலத்துல புது ஊர்தான்."

ரொனால்ட் சிரித்தான். பப்ஸைக் கடித்துக்கொண்டே, உதிர்ந்த தூளைக் கையில் ஏந்திக்கொண்டே சொன்னான்: "மேடம் வீட்டு வாசல் பின்பக்கம்னு கேள்விப்பட்டேன். அதுக்காக ஒரு ஊருக்கே வாசலைத் திருப்பி வைக்கணுமா மேடம்?"

நீரஜாவுக்குக் காது மடல் சுட்டது. அவள் சொல்ல வாயெடுத்ததை எல்லாம் அந்த ஒரு கேள்வி முன்னாலேயே தின்றுவிட்டது. எதைச் சொன்னாலும் அவள் வீட்டுப் புலம்பலாகத்தான் இனி காதில் விழும்.

ரொனால்ட் போன பிறகு கஸ்தூரிரங்கன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் சொன்ன விதம் நன்னாயில்லை. சொன்னது தப்பில்லை. ஒரு விதின்னா அதுக்குப் பின்னாடி யாராத்துக் கதையும் இருக்கப்படாது. எனக்குப் பிடிக்கலை, உனக்குக் கஷ்டமாயிருக்கு, இதெல்லாம் காரணமாகாது. பொதுவா ஒரு காரணம் கொண்டு வா நீரஜா, நானே அழிச்சுடறேன் இந்தக் கோட்டை."

"திங்கட்கிழமைக்குள்ளயா சார்?"

"திங்கட்கிழமைக்குள்ளதான்."

*

நீரஜாவின் வீடு தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. முன்பக்கம் பார்த்தால் கண் கூசும். எவர்சில்வர் குடங்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி, விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள். தெருவின் வெளிச்சம், கூட்டம், குரல் எல்லாம் அங்கேதான். வீடுகளுக்குப் போக வேண்டுமானால் அந்தத் தெருவிலிருந்து பக்கத்துச் சந்தில் திரும்பி, மறுபடி இடதுபுறம் திரும்பி, கடையின் கிடங்குக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த பின்சந்தில் நுழைய வேண்டும். பாத்திரம் பொதிந்து வந்த வைக்கோல், கட்டுக் கட்டாய் அட்டை, ஒரு ஜெனரேட்டர், அதன் கீழே எப்போதும் ஒரு எண்ணெய்த் தேக்கம். மாடிப்படியின் முதல் இரண்டு படிகளில் லோடு இறக்குகிற ஆட்கள் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. யார் வந்தாலும் விலகி வழிவிடுவார்கள். விலகுவதற்கு முன்னால் ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

மகள் ஹம்சினி பத்தாம் வகுப்பு. கணக்கு டியூஷன் முடிந்து ஏழரை மணிக்கு வருவாள். நீரஜா தினமும் ஏழேகாலுக்கே டார்ச்சோடு கீழே இறங்கிச் சந்து முனையில் நிற்பாள். கணவன் ஸ்ரீகிருஷ்ணா பாங்க் மாற்றலில் நாக்பூரில் இருந்தான். தீபாவளிக்குத்தான் வருவான்.

நடுவில் ஹம்சினியே ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்வாசல் வழியாகக் கடைக்குள் வாடிக்கையாளர் மாதிரி நுழைந்து, குக்கர் வரிசையையும் டிபன் கேரியர் வரிசையையும் தாண்டி, கிடங்குக் கதவு வழியாக நேரே மாடிப்படியில் ஏறிவிடுவாள். ஒரு மாதம் ஓடியது. அப்புறம் கடைப் பையன்கள், "இன்னா தங்கச்சி, தெனம் வந்து பாத்திரம் பாத்துக்கினு போறியே, கல்யாணம் எப்போ?" என்று ஆரம்பித்தார்கள். அதோடு அந்த வழி மூடிப்போயிற்று.

அன்றைக்கு மாலை ஜஹீதா மேலே வந்திருந்தாள். இரண்டாவது மாடியில் ஜாக்கெட் தைப்பவள். நீரஜாவின் கொலுவுக்கு மூன்று வருஷமாக வந்துகொண்டிருக்கும் ஒரே விருந்தாளி.

"இந்த வருஷமும் நான் மட்டும்தானா?" என்று சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள். "உன் பொம்மைங்களுக்கே என் மூஞ்சி போரடிச்சிருக்கும்டி நீரு. அந்தச் செட்டியாரு பாரு, என்னைப் பார்த்ததும் தராசைத் திருப்பிக்கிறாரு."

"கூப்பிட்டேன். ஆபீஸ்ல, சங்கீத க்ளாஸ்ல எல்லாரையும்தான் கூப்பிட்டேன்."

"எப்படிக் கூப்பிட்டே?"

"எப்படின்னா? பாத்திரக் கடைக்கு மேலே, மூணாவது மாடின்னு."

"பின்னாடி வரணும்னு சொன்னியா?"

நீரஜா கொலு விளக்கின் திரியைத் தூண்டினாள்.

"நான் என் கஸ்டமருங்ககிட்ட நேராச் சொல்லிடுவேன். பின்னாடி சந்து, ஜெனரேட்டர், மூக்கைப் பிடிச்சுக்கினு ஏறி வாம்மான்னுடுவேன். பாதிப் பேரு வருது, பாதிப் பேரு வரல. உன் ஆளுங்க முன்னாடி வந்து நின்னு, வாசலைக் காணோம்னு திரும்பிப் போவுது. போன வருஷம் ரெண்டு மாமிங்க கீழ எவர்சில்வர் தூக்கு வாங்கிக்கினு போனத நானே பார்த்தேன்."

"குங்குமம் குடுத்துக் கூப்பிட்டுட்டு, பின்பக்கமா வாங்கோன்னு எப்படி ஜஹீதா சொல்றது? துக்கத்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கும். வாய் வரமாட்டேங்கறது."

"அப்ப சுண்டலைக் கம்மியாப் போடு" என்றாள் ஜஹீதா. "எனக்கு வாயு."

ஹம்சினி சிரித்தாள். நீரஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொதுவான காரணம், பொதுவான காரணம் என்று மனசு அரற்றிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்த்தாள், நிறுத்தினாள். கொலுப்படியில் விளக்கை நகர்த்தி வைத்தாள். மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள். படுக்கப் போகும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் அது சரியா தப்பா என்கிற யோசனையில் தூக்கம் போயிற்று.

*

சனிக்கிழமை காலையில் குங்குமச் சிமிழோடு மயிலாப்பூருக்குப் போனாள். கஸ்தூரிரங்கனின் வீடு சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில். கதவைத் திறந்த செங்கமலம் மாமி, அவருடைய மனைவி, மாவுக் கையோடு நின்றாள்.

"கொலுவுக்கா? வரேண்டியம்மா, கட்டாயம் வரேன். இவரையும் இழுத்துண்டு வரேன். சாயங்காலம் ஆத்துல உக்காந்துண்டு டிவியைத்தான் திட்டிண்டிருப்பார்."

கஸ்தூரிரங்கன் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கொலுவா, சைட் இன்ஸ்பெக்‌ஷனா?" என்றார்.

"கொலுதான் சார்."

"விலாசம் சொல்லு" என்றாள் மாமி.

"பாத்திரக் கடை மாமி. வாசல்ல எவர்சில்வர் குடமா கோபுரம் கட்டி வெச்சிருப்பா. அதுக்கு மேலே மூணாவது மாடி."

"நேரே வந்துட வேண்டியதுதானே?"

மாமி நெற்றியை நீட்டினாள். நீரஜா குங்குமம் இட்டாள். "ஆமாம் மாமி. வந்தாத் தெரியும்" என்றாள்.

வெளியே வந்து ஆட்டோ ஏறியதும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மாமிக்கு முழங்கால் வலி. வேண்டுமென்றேதான் சொல்லாமல் வந்தோமா, அல்லது எப்போதும் போல வாய் வராமல்தான் வந்தோமா? அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னாள். எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து நம்பரைச் சுழற்றினாள். மாமிதான் எடுத்தாள்.

"மாமி, நான் நீரஜா. வந்து…"

"சொல்லு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்டோக்காரர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"மழை வர மாதிரி இருக்கு மாமி. குடை எடுத்துண்டு வாங்கோ."

"அதுக்கா போன் பண்ணினே? சமத்து" என்று மாமி வைத்துவிட்டாள்.

*

மழை வந்தது. ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து, ஆறு மணிக்குக் கொட்டியது. நீரஜா பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு முன் பால்கனிக்கும் பின்பக்கச் சமையலறை ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். முன்னால் பார்த்தால் குடைகள் மட்டும்தான் தெரிந்தன. பின்னால் பார்த்தால் அதுகூடத் தெரியவில்லை. விளக்கேற்றினாள். சுண்டலுக்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். நைவேத்தியம் ஆகவில்லையே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் பொறுக்கவில்லை. நானே போய்க் கடை வாசலில் நின்று அவர்களை அழைத்து வந்துவிடுகிறேன் என்று குடையை எடுத்தாள். காரணமும் வேண்டாம், விதியும் வேண்டாம். படியிறங்கி, சந்தில் சேலையைத் தூக்கிப் பிடித்து, இரண்டு திருப்பம் திரும்பி, தீபாவளித் துணிக்கு வந்த கூட்டத்தில் தோளால் வழி பண்ணிக்கொண்டு கடை வாசலை அடைவதற்குள் பாதி நனைந்துவிட்டாள். நின்றாள். அவர்களைக் காணவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது தெரு முழுவதும் சட்டென்று அணைந்தது. பவர் கட். கூட்டம் ஒரு 'ஓ' போட்டது. கடைக்குள் ஜெனரேட்டர் விளக்குகள் மட்டும் எரிந்தன.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரை ஆகப்போகிறது. ஹம்சினி! டார்ச்சை மேலேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்த வழியே திரும்பி ஓடினாள்.

சந்து முனையில் எதிரே ஓடி வந்த உருவம் அவள்மேல் மோதியது. ஹம்சினிதான். புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்பைக் காணோம்.

"அம்மா, உள்ள போகாதே. படிக்கட்டுக்கிட்ட ஒருத்தன் நிக்கறான். என்னைக் கூப்பிட்டான்மா. இங்க வா, இங்க வான்னு கையை ஆட்டிக் கூப்பிட்டான்."

நீரஜா சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். மகளை அங்கேயே மருந்துக் கடை வெளிச்சத்தில் நிற்கச் சொன்னாள். குடையை மடக்கி, கம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை. படிக்கட்டின் அடியில் ஒரு ஆள் நிற்பது கறுப்பாகத் தெரிந்தது. நெடிய ஆள். சுவரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"யாருடா அது?" என்று கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரிசு என்று அவளுக்கே அன்றுதான் தெரியும்.

"நான்… நான் கஸ்தூரிரங்கன்" என்றது அந்த உருவம்.

கிடங்குக் கதவு திறந்து ஒரு வெளிச்சப் பட்டை விழுந்தது. கடையின் வாட்ச்மேன் ஜவஹர் பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்தான். "இன்னா பெருசு, கஷ்டமரு இங்கல்லாம் வரக்கூடாதுன்னு அப்பவே சொன்னேன்ல? கடை முன்னால கீது, நீ இங்க இருட்டுல இன்னா தேடிக்கினு கீறே? அட, நம்ம மூணாவது மாடி அக்காவா! இவுரு உங்க ஆளாக்கா?"

அந்த வெளிச்சத்தில்தான் செங்கமலம் மாமியும் தெரிந்தாள். வைக்கோல் கட்டின்மேல், பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவை நுனி சேற்றில் கிடக்க உட்கார்ந்திருந்தாள்.

"கால் வழுக்கிடுத்துடி" என்றாள். "ஒண்ணும் ஆகலை. வாசல் பின்பக்கம்னு இவருக்குத் தெரியும், எந்தச் சந்துன்னு தெரியலை. கடைக்குள்ள போய்க் கொலுவுக்கு வந்தோம்னா, ஒரு கடைப் பையன் அரை மணி நேரமாக் குத்துவிளக்கா எடுத்துக் காட்டறான். மேலே போகணும்னா, மேலே இரும்புச் சட்டி மட்டும்தான் மாமிங்கறான். அப்புறம் பின்னாடி போங்கோன்னு ஒரு கதவைத் திறந்து விட்டான், விளக்கு அணைஞ்சு போச்சு."

கஸ்தூரிரங்கன் சந்து முனைப் பக்கம் பார்த்தார். "இப்ப ஒரு பொண் குழந்தை வந்தா" என்றார். "மாடிக்கு எப்படிம்மா போறதுன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன். என்னைப் பார்த்துட்டு ஓடிட்டா."

"என் பொண்ணுதான் சார் அது."

அவர் தன் கையைப் பார்த்தார். ஹம்சினியைக் கூப்பிட்ட கை. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

*

மேலே வந்து காலைக் கழுவி, விளக்கு முன்னால் உட்கார்ந்து, மாமி ஒரு பாட்டுப் பாடினாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் கடைசி வரி வரை விடவில்லை. ஹம்சினி மாமிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, கஸ்தூரிரங்கனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஸாரி மாமா" என்றாள்.

"நீ எதுக்குச் சொல்றே ஸாரி?" என்றார் அவர். சுண்டல் தட்டு அவர் கையில் அப்படியே இருந்தது. பிறகு நீரஜாவிடம் திரும்பினார். "வேணும்னேதான் வழியைச் சொல்லலையா?"

நீரஜா இதைக் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. உண்மை எது என்றும் முழுசாகத் தெரியவில்லை.

"பாதி வேணும்னுதான் சார். மீதிப் பாதி, சொல்ல வெக்கமா இருந்தது. மூணு வருஷமாக் கொலுவுக்குக் கூப்பிட்ட யார்கிட்டயும் சொன்னதில்லை. குங்குமத்தை நெத்தியில வெச்சுட்டு, பின்பக்கமா வாங்கோன்னு எப்படிச் சொல்றது? மாமியை விழ வெச்சுட்டேன். அதுக்கு மன்னிச்சுடுங்கோ."

"நான் விழலைடி, உக்காந்தேன்" என்றாள் மாமி.

அவர் சுண்டலை ஒரு வாய் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது ஹம்சினி டார்ச்சை எடுத்து, "நான் ஆட்டோ வரைக்கும் கொண்டு விட்டுட்டு வரேன்" என்றாள். நீரஜா யோசிக்காமலே, "நீ தனியாப் போகாதே, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினாள். சத்தம் கேட்டு இரண்டாவது மாடிக் கதவைத் திறந்த ஜஹீதா, "ரெண்டு பேரும் இறங்கறீங்களா? அப்ப நான் படியில நிக்கறேன்" என்று துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கஸ்தூரிரங்கன் படியில் நின்றுவிட்டார். ஒருத்தி மாற்றி ஒருத்தியாக மூவரையும் பார்த்தார்.

"ஒரு விருந்தாளியை வழியனுப்ப மூணு பேரா?"

"தெனமும் இப்படித்தான் சார்" என்றாள் ஜஹீதா. "நீங்க வந்ததால இல்ல."

*

திங்கட்கிழமை ரொனால்ட் பப்ஸோடு வந்தான். கஸ்தூரிரங்கன் பையைத் திறக்கவில்லை. நீரஜா காலையிலிருந்து இருக்கையில் நிலைகொள்ளாமல் இருந்தாள். அவர் அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பென்சில் கோடு அப்படியே இருந்தது.

"வெள்ளிக்கிழமை இவளைப் பொதுவா ஒரு காரணம் கொண்டு வரச் சொன்னேன்" என்றார் ரொனால்டிடம். "இவ கொண்டு வரலை. நானே போய் அதுல மாட்டிண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பொண் குழந்தை என்னைப் பார்த்துட்டு ஓடினா, ரொனால்ட். என்னை! நான் தப்பா ஒண்ணும் பண்ணலை. அவ பேர்லயும் தப்பில்லை. நான் நின்ன இடம் அப்படி. அங்க யார் நின்னாலும் எந்தக் குழந்தையும் ஓடத்தான் ஓடும். இதைவிடப் பொதுவா ஒரு காரணம் எனக்கு எங்கே கிடைக்கும்?"

"அது பழைய பில்டிங் சார். நாங்க லைட் போடறோம்னு…"

"லைட்டு அங்கேயும் இருக்கு. பவர் கட்டுன்னும் ஒண்ணு இருக்கு. உனக்குப் பொண்ணு இருக்கா?"

"ரெனிட்டா. நைன்த் படிக்கிறா."

"உன் டிராயிங்ல இருக்கே, அந்தப் பின் ரோடு. அதுல மூணாவது மாடிக்கு நீ ரெனிட்டாவோட குடிவரியா?"

"எங்களுக்கு சாந்தோம்ல சொந்த வீடு இருக்கு சார். நாங்க எதுக்கு அங்கல்லாம்…" என்று ஆரம்பித்த ரொனால்ட் நிறுத்திக்கொண்டான். அவன் பப்ஸ் பையின் வாயை மடித்தான், மறுபடி பிரித்தான்.

கஸ்தூரிரங்கன் இழுப்பறையில் ரப்பரைத் தேடி எடுத்தார். கோட்டை நிதானமாக அழித்தார். கேள்விக்குறியையும் அழித்தார். தூளை ஊதினார்.

"சரி சார்" என்றான் ரொனால்ட் கடைசியில். "வாசல் முன்னாடியே இருக்கட்டும். அகலத்தையாவது கொஞ்சம் பாருங்க. எட்டடி ஜாஸ்தி."

"ஆறாக்கிக்கோ."

"சார்!" என்றாள் நீரஜா.

"ஆறு போதும். கதவு தெருவைப் பார்த்துண்டு இருந்தாச் சரி" என்று அவர் அவள் பக்கம் திரும்பாமலே எட்டை அடித்து ஆறு என்று எழுதினார். இந்தத் தடவை பேனாவால்.

நீரஜாவுக்குச் சந்தோஷப்படுவதா, அந்த இரண்டடிக்குச் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஆறடியில் ஒரு பீரோவை எப்படித் திருப்பி ஏற்றுவார்கள் என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பிரதியைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு, கூரியர்காரன் வந்து வாங்கிக்கொண்டு போகும் வரை வாசலிலேயே நின்றாள்.

அன்று மாலை ஏழேகாலுக்கு டார்ச்சோடு சந்து முனைக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. வைக்கோல் ஊறிப் புளித்த நாற்றம். படியில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜவஹர் எழுந்து, "அக்கா, அந்தப் பெருசு அப்பால வரவே இல்லியே, கோச்சுக்கினாரா?" என்று கேட்டான். இல்லை என்றாள்.

ஹம்சினி புதுச் செருப்போடு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு? வாசல் முன்னாடி வந்துடுத்தா?"

"வந்துடுத்து."

"அப்ப நாளைலேர்ந்து நீ கீழே வர வேண்டாமா?"

"அது அந்த ஊருக்குடி" என்றாள் நீரஜா. டார்ச்சைத் தட்டிப் பார்த்தாள். மங்கலாக எரிந்தது. பாட்டரி மாற்ற வேண்டும். "காலைப் பார்த்து வை. ஜெனரேட்டர்கிட்ட எண்ணெய்."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு விலகினார்கள். மகளை முன்னால் விட்டு, வெளிச்சத்தை அவள் காலடியில் போட்டுக்கொண்டு, நீரஜா பின்னால் ஏறினாள்.